அண்ணன் சொன்ன ஒரு வரியும் என் பயணக் காப்பீடும்

1

கனடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள் என்று சொன்னால் கும்மிடிப்பூண்டியில் யாரும் நம்புவதில்லை. முதன்முதலில் நான் இதைச் சொன்னபோது என் அண்ணன் வரதன் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொறந்த ஊருக்கு வர்றதுக்கு இன்சூரன்சா? நாங்க இன்னா உன்ன கடிச்சிடப் போறோமா?"

அண்ணி சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விளக்கப் பார்த்தேன். கனடாவில் வைத்தியம் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இலவசம் எல்லையோடு நின்றுவிடும். மாகாண அரசு கொடுத்திருக்கும் அட்டையை வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் காட்டினால் பின்னால் திரும்பக் கிடைக்கிற பணம் பேருக்குத்தான். குடியுரிமை மாறியதும் ஊர் ரேஷன் கார்டில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டையும் அதோடு போயிற்று. ஆக, ஊரில் இருக்கும் அந்த நாலைந்து வாரமும் எந்த நாட்டு ஆஸ்பத்திரிக் கணக்கிலும் நான் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பயணக் காப்பீடு.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரசம் வேண்டுமா என்றார்.

அந்தக் காப்பீடு எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டு இந்த மார்கழியோடு இரண்டு வருஷம் ஆகிறது. நடந்ததை எழுதி வைத்தால் எரிச்சல் அடங்கும் என்கிறாள் என் மனைவி சுமதி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அடுத்து ஊருக்குப் போகிற யாருக்காவது உதவட்டும்.

2

அண்ணன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஹெல்ப்பராகச் சேர்ந்து ஷிப்ட் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். அதே ஆலையில் கம்பியின் பலம் பார்க்கும் பிரிவில் நானும் ஆறு வருஷம் இருந்தேன். பிறகு மூன்று வயது மகள் நிலாவைத் தூக்கிக்கொண்டு நானும் சுமதியும் கனடாவில் பிராம்ப்டன் நகருக்கு வந்து சேர்ந்தோம். பத்தொன்பது வருஷமாக இங்கே கார் உதிரி பாகங்களைச் சோதித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனின் கடைசி வேலை நாளுக்கு நான் மட்டும் போயிருந்தேன். ஆலை கேன்டீனில் மாலை, சால்வை, பிரியாணி. யாரோ மைக்கைப் பிடித்து, வரதன் அண்ணன் ஷிப்டில் ஒருத்தனுக்கும் கை போனதில்லை என்றார். உலை பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தேன். இரண்டாவது இட்லியில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. பிரியாணி செய்த வேலை, கேஸ், என்று சொன்னேன். அண்ணி சோடா வாங்கி வர ஆள் அனுப்பினார். அண்ணன் மட்டும் என் சட்டையைப் பார்த்தார். மார்கழிப் பனி விலகாத காலையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. சோடா வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டு ஆட்டோவில் என்னை ஏற்றி, பைபாஸ் ஓரத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே இருந்தவர் ஓர் இளம் டியூட்டி டாக்டர். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு எனக்கு இதற்கு முன் ஏதாவது இருந்ததா என்று அண்ணனைக் கேட்டார். மூக்கில் மாஸ்க்கோடு கிடந்த எனக்கு அண்ணனின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. டாக்டர் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவர் முகம் மாறியது. நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரைகள் கொடுக்கச் சொன்னார். அரை மணி கழித்து இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தார். அதில் தெரிந்தது. இதய டாக்டரை வரவழைத்து, மதியத்துக்குள் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

பிழைத்துக்கொண்டேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

3

காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு விதி உண்டு. சிகிச்சை தொடங்கும் முன் அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மயங்கிக் கிடக்கிறவன் எப்படிச் செய்வான் என்றால், உடன் இருப்பவர் செய்யலாம் என்பார்கள். என்னோடு இருந்தது அண்ணன். அந்த எண் என் பெட்டியில் இருந்தது, பெட்டிச் சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது, கால்சட்டையை ஆஸ்பத்திரிக்காரர்கள் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தார்கள். அண்ணன் சுமதிக்குப் போன் செய்தார். சுமதி நிலாவை எழுப்பினாள். நிலாதான் நிறுவனத்தைக் கூப்பிட்டாள்.

முதல் இருபது நிமிஷம் பாட்டு. பிறகு வந்த பெண் எந்த ஊர் என்று கேட்டாள். கும்மிடிப்பூண்டி என்பதை நிலா எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவள் பிறந்த ஊர்தான். ஆனால் அவளுக்கே அந்தப் பெயரில் எத்தனை டி வரும் என்று சந்தேகம். எதிர்முனைப் பெண், இது ஊரின் பெயரா ஆஸ்பத்திரியின் பெயரா என்றாளாம். பிறகு, அந்த ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் இல்லை, நோயாளியைச் சென்னைக்கு மாற்ற முடியுமா என்றாளாம். அந்த நேரத்தில் என் தொடை வழியாகக் குழாய் இதயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெயரில் அடுத்த சிக்கல். பாலிசியில் நான் வீரராகவன் முனுசாமி. ஆஸ்பத்திரியில் அண்ணன் கொடுத்த பெயர் எம். ராகவன். ஊரில் எனக்கு அதுதான் பெயர். முனுசாமி என்பது எங்கள் அப்பா. கனடாவில் என்னை மிஸ்டர் முனுசாமி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்; பத்தொன்பது வருஷமாக அப்பா பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஆஸ்பத்திரியிடம் ஒரு கடிதம் வாங்கினேன். பில்லில் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார்கள், வாங்கினேன். இங்கே என் குடும்ப டாக்டரிடமிருந்து பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் கேட்டார்கள், கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கான தொகை என்னுடைய கார்டிலும் சுமதியின் கார்டிலும் ஏறி, வட்டியோடு உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்து மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தின்போது, கடந்த இரண்டு வருஷத்தில் நெஞ்சுவலி இருந்ததா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் குறிப்பில், நோயாளிக்கு ஒரு வருஷமாக அவ்வப்போது நெஞ்சுவலி இருந்ததாக அவருடைய சகோதரர் தெரிவித்தார் என்று இருக்கிறது. ஆகவே பாலிசி செல்லாது. இதயத்துக்கு மட்டுமல்ல, மொத்த பாலிசியும் முதல் நாளிலிருந்தே செல்லாது.

4

எனக்கு வந்த கோபம் முழுக்க அந்தக் குறிப்பின் மேல். அண்ணன் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லியிருப்பார், அந்தப் பையன் டாக்டர் நெஞ்சு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வலி என்று எழுதியிருப்பார் என்று வீட்டில் சொன்னேன். தமிழில் வயிற்றுக் கோளாறுக்கும் நெஞ்சுதான். புளி ஏப்பத்துக்கு நெஞ்சு கரிக்கும். துக்கம் வந்தால் நெஞ்சு அடைக்கும். நிலா அதைக் கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கரிப்பது என்றால் தீய்ந்து போவதா என்று கேட்டாள். இல்லையம்மா, எரிவது என்றேன். இது நல்ல பாயின்ட் என்றாள்.

அவள் சட்டம் படிக்கப் போகிறவள். எனக்காக அவள் சண்டை போட்டதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என் அண்ணனுக்குப் போன் செய்து பேசிய தமிழை நான் இன்னும் மறக்கவில்லை. தப்பு, பிழை, பொய் எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்தது ஒரே சொல்.

"பெரியப்பா, ஏன் டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க?"

ஸ்பீக்கரில் அண்ணன், அப்பா பக்கத்தில் இருக்கிறாரா, சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அவள் சொல்ல வந்தது அது இல்லை என்று மறுநாள் நான் அண்ணனிடம் சொன்னேன். கொழந்ததானே, உடு என்றார்.

மேல்முறையீட்டுக்கு நிறுவனம் இரண்டு காகிதங்கள் கேட்டது. குறிப்பு எழுதிய டாக்டரிடமிருந்து திருத்தம். தகவல் சொன்ன சகோதரரிடமிருந்து, நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட வாக்குமூலம். வாக்குமூலத்தை அண்ணனே சொல்வதுபோல நிலா எழுதினாள். சகோதரரும் நானும் பதினேழு வருஷமாக வேறு வேறு நாட்டில் வசிக்கிறோம். அவருடைய உடல்நிலை பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது. அன்று பதற்றத்தில் ஆதாரமில்லாமல் பேசிவிட்டேன். நல்ல ஆங்கிலம். நான் படித்துப் பார்த்து, சரி என்றேன். எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

அந்த இளம் டாக்டர் இதற்குள் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, திருவள்ளூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் உட்கார்கிறார் என்று தெரிந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போய் இறங்கினால் முதுகு கழன்றுவிடும். அண்ணன் இரண்டு தடவை போய் டாக்டர் இல்லாமல் திரும்பினார். நான் ஒவ்வொரு தடவையும், போன் செய்து கேட்டுக்கொண்டு போகக் கூடாதா என்று கடிந்துகொண்டேன். முப்பது வருஷம் ஆலையில் ஆட்களை மேய்த்தவரை, இங்கே கார் ஓட்டிக்கொண்டே, ஒரு டெலிவரிப் பையனை அதட்டுவதுபோல அதட்டினேன்.

5

மூன்றாவது தடவை டாக்டர் கிடைத்தார். ஊரில் சாயங்காலம் ஐந்தரை, எனக்குக் காலை எட்டு. கம்பெனி வாசலில் காரை நிறுத்திவிட்டு ஷிப்டுக்குக் காத்திருந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

டாக்டர் மாற்றி எழுத மாட்டேன் என்றுவிட்டாராம். அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, தம்பி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாராம். டீ வாங்கிக் கொடுத்தாராம். அன்று முதல் ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை, நீங்கள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கேஸுக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், நீங்கள் சொன்னதால்தான் படுக்க வைத்து மறுபடி எடுத்தேன், அதை எப்படி இல்லை என்று எழுதுவது என்று கேட்டாராம்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்த ஆள் அவனுடைய வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறான் என்றேன். சரி, வாக்குமூலமாவது ஆயிற்றா என்று கேட்டேன்.

"நோட்டரி ஆபீஸ்லதான் குந்திக்கினு இருக்கறேன். பாப்பா எழுதனத டைப்பிஸ்ட் அம்மா தமிழ்ல படிச்சிச் சொல்லிச்சு. என் தம்பி ஒடம்பப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கீதுடா இதுல."

"அது ஒரு ஃபார்மாலிட்டி அண்ணா. கையெழுத்து போட்டுட்டு வா."

அந்தப் பக்கம் யாரோ முத்திரை குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போட்றேன். நீ சொன்னா போட்றேன். ஆனா ராகவா, பனி வாரிட்டு வந்து குந்திக்கினு போன் பண்ணியே, அன்னிக்கி இன்னா சொன்னே? நெஞ்சு மேல யாரோ ஏறி குந்திக்கினு எறங்க மாட்டேன்றான்னு சொன்னே. அத்த நான் கனவுலயா கேட்டேன்?"

நான் கார் எஞ்சினை அணைத்தேன்.

ஊருக்குப் போவதற்கு முந்தைய பனிக்காலம். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் முழங்கால் உயரப் பனி. பாதி வாரும்போதே மூச்சு நின்றுவிட்டது. கராஜ் படியில் உட்கார்ந்து, அது விலகும்வரை யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததை அப்படியே சொன்னேன். பிறகும் இரண்டு தடவை அப்படி வந்தது. இரண்டு தடவையும் அவரிடம்தான் சொன்னேன். சுமதியிடம் சொல்லவில்லை. சொன்னால் எமர்ஜென்சிக்கு இழுத்துப் போவாள், அந்த வாரம் என் ஷிப்ட் போகும். குடும்ப டாக்டர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது குட் என்றேன். காப்பீட்டு ஏஜென்ட் போனில் கேட்டபோது நோ என்றேன். அவன் நெஞ்சுவலி என்றுதான் கேட்டான். மருந்து எடுத்ததோ எடுக்காததோ, எந்த நெஞ்சுவலியும் என்று தெளிவாகக் கேட்டான். எனக்கு அந்த ஆங்கிலம் நன்றாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனை மாதம் சொல்லைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கரிப்பு, எரிச்சல், மொழிபெயர்ப்பு என்று என் மகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி சீரகத் தண்ணி குடி, சரியாப் பூடும்னு சொன்னவன் நான்தானே. ஆஸ்பத்திரில நீ வேத்துக்கினு கெடக்கசொல்ல எனக்கு அதான் நெனப்பு. நம்ம பேச்சக் கேட்டுக் கெட்டானேன்னு. அதான் டாக்டரு கேட்டதும் ஒண்ணு உடாம சொல்லிட்டேன். உனக்கு இப்டி பேஜாரு ஆவும்னு தெரியாதுடா."

ஷிப்ட் மணி அடித்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் காரைக் கடந்து போனார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தார்.

"கையெழுத்து போடாதண்ணா," என்றேன். "பேப்பரக் கிழிச்சிப் போட்டுட்டு பஸ் ஏறு."

"அப்போ அந்தக் கம்பெனிக்காரன் குடுக்க மாட்டானே?"

"குடுக்க மாட்டான்."

"யோசிச்சி சொல்றியா?"

யோசிச்சுத்தான் சொல்றேன் என்றேன். டைப் செய்ததற்கு உண்டானதை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவர் வைத்தார்.

6

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் சுமதியிடமும் நிலாவிடமும் சொன்னேன். பனி வாரிய நாள், கராஜ் படி, போன், எல்லாம். சுமதி எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்கள்தான்.

நிலா மடிக்கணினியை மூடினாள். மேல்முறையீட்டுக் கடிதம் ஏழு பக்கம் வந்திருந்தது. அப்படியென்றால் அவர்கள் சொன்னது சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். எங்களிடம் சொல்லாமல் பெரியப்பாவிடம் மட்டும் ஏன் சொன்னாய் என்று கேட்டாள். அவர் தூரத்தில் இருந்தார், அவரால் என்னை எங்கேயும் இழுத்துப் போக முடியாது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று எனக்கே தெரியவில்லை. அவள் பதினைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணனோடு பேசினாள் என்று பின்னால் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

கார்டுகளை அடைக்க நான் சனிக்கிழமை ஷிப்டும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுமதியும் கூடுதல் நாட்கள் போனாள். இன்னும் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு பதில் தவறு என்றதும் மொத்த பாலிசியையும் சுருட்டிக்கொள்கிற விதியை எவன் எழுதினானோ, அவன் மேல் இன்னும் இருக்கிறது. பயணத் தேதியைச் சொன்ன மூச்சிலேயே பன்னிரண்டு உடல்நலக் கேள்விகளை ஓட்டி முடித்த ஏஜென்ட் மேலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைப் பேச ஆரம்பித்தால் பாதியில் அன்று நான் சொன்ன நோ குறுக்கே வந்து நிற்கிறது. முழுசாக ஒருவரைத் திட்டக்கூட வழியில்லாமல் போனதுதான் பெரிய எரிச்சல்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து, நிதானமாகப் பதில் சொல்லுங்கள். யாரிடமாவது எந்த வலியைப் பற்றியாவது சொல்லியிருந்தால், ஏஜென்டிடமும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

7

சென்ற வாரம் மறுபடி பயணச் சீட்டு எடுத்தேன். இந்தத் தடவை காப்பீட்டு ஏஜென்டாக வந்தது ஒரு பஞ்சாபிப் பெண். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டென்ட், மாத்திரைகளின் பெயர், அளவு, ஐந்து மாதம் முன்னால் டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டியது, பழைய பாலிசி செல்லாமல் போனது, எல்லாம். அவள் பொறுமையாகத் தட்டச்சு செய்தாள். பிறகு, கால் முறிந்தால் உண்டு, டெங்கு வந்தால் உண்டு, சாலை விபத்துக்கு உண்டு, இதயம் சம்பந்தமான எதற்கும் கிடையாது என்றாள். முன்பைவிட அதிகத் தொகை, முன்பைவிடக் குறைந்த காப்பு. எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் கீது, நெஞ்சுக்கு மட்டும் இல்லியா?"

"இல்லண்ணா."

சரி, இரு என்று போனை வைத்துவிட்டு எங்கேயோ போனார். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. பைபாஸ் ஆஸ்பத்திரிவரை நடந்தே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் காலையில் உட்கார்கிறாராம். என் விமானம் இறங்குவது செவ்வாய் விடிகாலை.

"டோக்கன் போட்டாச்சி. ஏர்போர்ட்லேர்ந்து நேரா அங்கதான் போறோம். அவரு பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் ஊடு. வர்ற வழியில உனக்கு இன்னா இன்னா ஆச்சின்னு ஒண்ணு உடாம எழுதிக்கினு வா, அந்தாளு கேப்பாரு."